மூளித் தட்டு

அந்தத் தட்டுகளை யாராவது அழகு என்று சொன்னால் சோடாக்கா மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அழகாம். வயிற்றுப்பாட்டுக்கு அவற்றைக் கழுவியவளுக்கல்லவா தெரியும். ஒவ்வொன்றும் செங்கல் கனம். வெள்ளை என்று பேர்தான், நிறமென்னவோ பழைய பல்லின் நிறம். விளிம்பைச் சுற்றிப் பச்சையில் இரண்டு கோடு, ஒன்று தடிப்பு, ஒன்று மெலிசு. உச்சியில் ஒரு கிரீடம். கிரீடத்துக்குக் கீழே ஓட்டலின் பேர்.

"பேரை எதுக்குத் தட்டுல போட்டான்? பெருமைக்கா?" என்பாள். "நாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்னு. மாட்டுக்குச் சூடு போடற மாதிரி."

டீக் கோப்பைகள் இன்னும் மோசம். வெளியே பார்த்தால் குடம், உள்ளே பார்த்தால் முட்டை ஓடு. சுவர் அத்தனை தடிப்பு. கொஞ்சம் ஊற்றினாலே நிறைந்துவிடும். சூப்புக் கிண்ணமும் அந்த வகைதான். கீழே விழுந்தாலும் உடையாதது என்று வந்தவர்களிடம் தட்டிக் காட்டுவார் பெரிய முதலாளி. உடையாது என்பது பாதி உண்மை. குறைவாகப் பிடிக்கும் என்பது மீதி.

அவர் அவற்றை எங்கிருந்து கொண்டுவந்தார் என்பது கழுவுகிற இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி மூடிப்போனது. அதன் சாப்பாட்டுக் கூடத்துச் சாமான்களை வைக்கோல் திணித்த பெட்டிகளோடு அப்படியே அள்ளி வந்தார். தட்டின் உச்சியில் கம்பெனியின் நங்கூரம் இருந்தது. அதன்மேல் கிரீடத்தை வரையச் சொல்லி, சூளையில் வைத்துச் சுட்டு எடுத்தார். ஆனால் கொதிக்கிற சலவைச் சோடாத் தண்ணீர் கிரீடத்துக்கு மரியாதை பார்க்குமா? வருஷம் போகப் போகக் கிரீடம் தேய்ந்து, உள்ளேயிருந்து நங்கூரம் எட்டிப் பார்த்தது. "கழுவுறேன்னு சொல்லி என் கிரீடத்தை அழிச்சுட்டாளுங்க" என்று பெரிய முதலாளி சமையல்கட்டு வாசலில் நின்று கத்துவார். உள்ளே மட்டும் வரமாட்டார். தரையில் எச்சில் தண்ணீர் ஓடும். அவர் செருப்பு வெள்ளை.

கழுவுகிற இடத்துக்கு ஜன்னல் கிடையாது. மூன்று தொட்டி. முதலாவதில் சோடா கரைத்த கொதிதண்ணீர், இரண்டாவதில் வெந்நீர், மூன்றாவதில் பச்சைத் தண்ணீர். முழங்கை வரை முதல் தொட்டியில் விட்டால் தோல் முதலில் வெளுக்கும், அப்புறம் சுருங்கும், அப்புறம் ஒன்றும் தெரியாது. கழுவிய தட்டு ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டவேண்டும். 'ணங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். வெளியே இருந்து வருகிற புதுப் பெண்களுக்கு அந்த வேலை ஒரு வாரத்தில் கசந்துவிடும். இவள் நின்றாள். முதல் தொட்டியை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். அதனால்தான் சோடாக்கா.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தட்டின் விளிம்பை எவன் சில்லுப் பெயர்த்தானோ, அவன் அந்த மூளித் தட்டில்தான் சாப்பிடவேண்டும். அடுத்தவன் ஒரு தட்டை மூளியாக்குகிற வரை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்து வேலையாட்கள் சாப்பிட உட்காரும்போது, மூளித் தட்டை ஒருவன் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வருவான். மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். "மாப்ளைக்கு வைங்கடா!" என்று ஒரு கூச்சல். இது பெரிய முதலாளி என்றைக்கோ ஒரு நாள் வாய்போக்கில் சொன்னது. வருஷக்கணக்காகக் கட்டிக்காத்தது இவர்கள். மேலே இருப்பவன் துப்பினால் கீழே இருப்பவன் அதைப் பாத்தி கட்டி வளர்ப்பான். அப்படிப்பட்ட கூட்டம்.

சோடாக்காவின் புருஷன் அந்த ஓட்டலில் பரிமாறுகிறவன். மணிக்கட்டில் தொடங்கித் தோள் வரைக்கும் ஒரே கையில் தட்டு அடுக்கிக்கொண்டு நடப்பான். அதைப் பார்க்கவே சிலபேர் வருவார்கள். அடுக்கு என்று பேர் வைத்தது அவர்கள்தான். ஒரு நாள் அப்படி அடுக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே போகும்போது பெரிய முதலாளி கல்லாவிலிருந்து கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் திரும்பவேண்டும். திரும்பினான். எல்லாம் போயிற்று. உடையாத தட்டு என்று தட்டிக் காட்டியவை அத்தனையும் சுக்கலாகத் தெறித்தன.

துடைப்பம் எடுக்கப் போனவனைப் பெரிய முதலாளி நிறுத்தினார். "கையால பொறுக்கு. அப்பத்தான் புத்தி வரும்." சாப்பிட வந்தவர்கள் முன்னால், மண்டி போட்டுக்கொண்டு, மேசை மேசையாக, கால் கால் நடுவே பொறுக்கினான். ஒருத்தர் காலை மட்டும் தூக்கிக்கொண்டார், சூப்பை விடவில்லை. சில்லு கிழித்து வலது கையில் இரண்டு விரலின் நரம்பு அறுந்தது. "துணியைச் சுத்திக்கிட்டு அடுத்த மேசையைப் பாரு" என்றார் முதலாளி. அந்த விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. அடுக்கினால் நிற்காத கைக்கு அங்கே என்ன வேலை? அனுப்பிவிட்டார்கள்.

இது அடுக்கும் சோடாக்காவும் அப்போதைய வேலையாட்களும் அறிந்த விஷயம். அந்த வேலையாட்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். தெருவுக்கு அவன் சொன்னது வேறு. ரொட்டி வெட்டுகிற மிஷினில் சமையல்காரனின் கை மாட்டிக்கொண்டதாம், இவன் பாய்ந்து இழுத்தானாம், அவன் கை பிழைத்தது, இவன் விரல் போயிற்றாம். முதலில் சின்னக் கதைதான். மகள் வளர வளர அதுவும் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னபோது அவள் அதை எழுதிப் பரிசு வாங்கினாள். கல்யாணமாகிப் போன வீட்டிலும் அதைச் சொல்லித்தான் தகப்பனை அறிமுகம் செய்தாள். சோடாக்கா குறுக்கே பேசியதில்லை. சொல்லிட்டுப் போறான், சோறா கேக்குது என்று விட்டுவிட்டாள். அவள் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் ஸ்டீல் தட்டுக் கழுவப் போனாள். அவன் அங்கே இங்கே காவல் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டில் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டான்.

பெரிய முதலாளி செத்து, ஓட்டல் பூட்டிக் கிடந்து, இப்போது அவருடைய பேரன் திறக்கப் போகிறான் என்று தெருவில் பேச்சு வந்தது. பேரனே ஒரு நாள் வந்தும் விட்டான்.

மழை பிடித்துக்கொண்ட நாள். கூரைத் தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. வீட்டுக்குள் ஒழுகுகிற இடத்தில் சோடாக்கா வாளி வைத்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் இரண்டு பேர். பேரன், கூட ஒரு பெண். அவன் போட்டிருந்தது வேண்டுமென்றே கசங்கத் தைத்த சட்டை. கசங்காத சட்டைக்கு இங்கே ஆள் படும் பாடு அவனுக்கென்ன தெரியும்.

"அண்ணே, நீங்கதானே அடுக்கு?" என்று இரண்டு கையாலும் அடுக்கின் கையைப் பிடித்தான்.

அடுக்கு எழுந்து நின்றான். எழுந்ததோடு விட்டானா, நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். "உக்காருங்க சின்னவரே."

"நீ மொதல்ல உக்காரு, முட்டி நடுங்குது" என்றாள் சோடாக்கா.

கூட வந்த பெண் வரலாறு எழுதுகிறவளாம். தட்டு, கோப்பை, தேக்கரண்டி இதற்கெல்லாம் வரலாறு எழுதவும் படிப்பு இருக்கிறதாம். தட்டைத் திருப்பி அடியில் இருக்கிற முத்திரையைப் பார்த்தே எந்தச் சூளை, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவாளாம். நல்ல பெண்தான், வாளிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டே கீழே உட்கார்ந்தாள். சோடாக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. நாற்காலி இருக்கும்போது தரையில் உட்காருகிறவர்களை அவள் நம்புவதில்லை.

பேரன் விஷயத்துக்கு வந்தான். பழைய தட்டு, பழைய விளக்கு, பழைய மேசை எல்லாம் அப்படியே வைக்கிறார்கள். வாசலில் பழைய வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒருத்தர் நிற்கவேண்டும். வருகிறவர்களை வரவேற்கவேண்டும், தட்டுகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும். அதற்கு அடுக்கு அண்ணனைவிட்டால் ஆள் யார்?

அடுக்கின் முகத்தில் ரத்தம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே கிழடாகிப் போனவன், கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாலு வயசு குறைந்தான். "வர்றேன் சின்னவரே. நாளைக்கே வரட்டுமா?"

"இருங்கண்ணே, சுவத்துல எழுதப்போறதைக் கேளுங்க. நீங்களும் அக்காவும் சரின்னு சொன்னாத்தான்."

அந்தப் பெண் படித்தாள். நிறுவனர் கடல் கடந்து போய்த் தன் கையாலேயே வரைந்து கொடுத்துச் செய்த தட்டுகள் இவை. வேலை செய்தவர்களை அவர் பிள்ளைகளாக நடத்தினார். ஒரு தட்டு உடைந்தாலும் முகம் சுளித்ததில்லை. "தட்டு போனா வாங்கிக்கலாம், மனுஷன் போனா வாங்க முடியுமா" என்பார்.

"யாரு?" என்றாள் சோடாக்கா.

"ஏய்" என்றான் அடுக்கு.

"இரு. யாரு சொன்னது? ஒங்க தாத்தாவா? அந்த ஆளா?"

"அக்கா, குடும்பத்துல சொல்றது…"

"குடும்பத்துல என்ன வேணா சொல்வீங்க. கழுவுன நான் சொல்றேன், கேட்டுக்க. கடல் கடந்து போனாராக்கும். துறைமுகத்து வரைக்கும் போனாரு, செத்த கம்பெனியோட எச்சித் தட்டை வண்டியில அள்ளிட்டு வந்தாரு. நங்கூரத்து மேல கிரீடம். ஒருத்தன் சட்டையைப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள மாப்ளைன்னு திரியற மாதிரி."

கழுவுகிற இடத்தில் சண்டை இப்படித்தான் தீரும். ஒருத்தியின் கள்ளத்தனத்தை மூஞ்சிக்கு நேரே போட்டு உடைத்துவிட்டால், அவள் தலை தொங்கிவிடும். தொட்டியைப் பார்த்துக்கொண்டு கழுவ ஆரம்பித்துவிடுவாள். அந்த நியாயத்தை எல்லா இடத்துக்கும் பொது என்று இவள் நினைத்திருந்தாள். ஒருவன் தாத்தாவின் ஈனத்தனத்தை அவன் முகத்துக்கு நேரே சொன்னால் அவன் தலை தொங்கத்தானே வேண்டும்?

சொன்னாள். மூளித் தட்டைச் சொன்னாள். "மாப்ளைக்கு வைங்கடா" என்று கத்தியதைச் சொன்னாள். "ஏய், போதும்டி" என்று அடுக்கு கையைப் பிடித்தான், உதறினாள். "இந்தா, இந்தக் கையைப் பாரு" என்று அவனுடைய கையையே எடுத்து அவர்கள் முன்னால் நீட்டினாள். கூப்பிட்டதை, விழுந்ததை, மண்டி போட்டதை, சூப்புக் குடித்தவன் காலைத் தூக்கிக்கொண்டதை, எதையும் விடவில்லை. "மனுஷன் போனா வாங்க முடியாதாம்ல? அன்னிக்கு இவன் மேசைக்கு அடியில நாய் மாதிரி போனான்யா. ஒங்க தாத்தா பல்லுக் குத்திக்கிட்டு நின்னாரு."

சோடாக்கா பேரனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது தொங்கவில்லை. அவன் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"பதிவாச்சா?" என்றான்.

"ஆச்சு." அவள் போனைக் கையில் வைத்திருந்தாள். "அக்கா, அந்த மூளித் தட்டு… அதை இன்னொரு தடவை மெதுவாச் சொல்றீங்களா? எவ்ளோ உண்மையா இருக்கு!"

"எங்க தாத்தா பாவம்" என்றான் பேரன். "அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான். மறைக்கவே கூடாது இதெல்லாம்."

அறைகிறோம் என்று நினைத்துக் கையை ஓங்கினால், எதிராளி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறான்.

அவர்கள் கிளம்பும்போது அடுக்கு நனைந்தபடியே வண்டி வரைக்கும் ஓடினான். "சின்னவரே, அவ சொன்னதெல்லாம்… பொம்பளை, வாய் கொஞ்சம் நீளம். அதையெல்லாம் எழுதிடாதீங்க."

"கவலையே படாதீங்கண்ணே. அழகா வரும்."

எழுதமாட்டான் என்று அடுக்கு எடுத்துக்கொண்டான். திரும்பி வந்து தலையைத் துவட்டாமல் உட்கார்ந்தான்.

"எச்சியைக் கழுவுன்னா, தோலையும் சேத்து உரிச்சிட்டே."

"நான் அவன் தோலைத்தான்யா உரிச்சேன்."

"அவனுக்குத் தோல் ஏது? என்னோடதுதான் வந்துச்சு. என்னைத் தூக்கி அவன் முன்னாடி மறுபடி மண்டி போட வச்சே."

"நடந்ததைத்தானே சொன்னேன்?"

"நடந்தது எனக்குத் தெரியாதா? என் பொண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே இத்தனை வருஷமா நாக்கு வறளக் கதை சொன்னேன். ஒங்கிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்லை. இதை ஒண்ணு மூடி வச்சிருக்கக் கூடாதா?"

வாளி நிரம்பியிருந்தது. எடுத்துக் கொட்டப் போனாள்.

திறப்பு நாளுக்கு மகளும் மருமகனும் ஊரிலிருந்து வந்தார்கள். அடுக்கு காலையிலேயே போய்விட்டான். முகச்சவரம் செய்து, கன்னமெல்லாம் மினுமினுவென்று. மகள் வாசலில் அவனைக் கோட்டோடு பார்த்து, "அப்பா, என்னப்பா இது, ராஜா மாதிரி!" என்றாள். ராஜா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். கையுறை கேட்டானாம். வரலாறு எழுதுகிற பெண் கூடாது என்றுவிட்டாளாம், கை தெரியவேண்டுமாம். கோட்டில் பை இருந்தால் அதற்குள்ளாவது விட்டுக்கொண்டிருப்பான். பரிமாறுகிறவன் எதையாவது எடுத்துப் போட்டுக்கொள்வான் என்று அந்தக் காலத்தில் பெரிய முதலாளி பைகளைத் தைத்து மூடிவிடுவார். பழையது அப்படியே வேண்டும் என்று இப்போதும் மூடியே தைத்திருந்தார்கள்.

மத்தியான வெளிச்சத்தில் கூடம் நிறைந்திருந்தது. இவள் முழங்கை வேகக் கழுவிய தட்டுகள் சுவரில் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. தேய்ந்த கிரீடமும் எட்டிப் பார்க்கிற நங்கூரமும் தெரிகிற தட்டுக்கு நடுவிலே இடம். ஜனம் அதைப் பார்த்து, "ஆகா, எத்தனை அடுக்கு வரலாறு" என்றது. பரிமாறிய தட்டுகள் புதுசு. சாப்பாட்டு அட்டையில் முதல் வரியே 'மூளித் தட்டுச் சாப்பாடு'. சோறு, வறுத்த மீன், அவித்த முட்டை. எல்லாத் தட்டின் விளிம்பிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் சில்லுப் பெயர்ந்திருந்தது. மிஷினில் வைத்துப் பெயர்த்து, உதடு கிழியாமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். இதற்கு ஆள் வைத்துச் சம்பளம் வேறு.

"இதுல சாப்பிடறதுக்கு இவ்ளோ கூட்டமா?" என்றாள் சோடாக்கா. "தெரிஞ்சிருந்தா அன்னிக்கே டிக்கெட் போட்டிருக்கலாம்."

மகள் சிரித்தாள். மருமகன் சுவரோரம் போய் நின்றிருந்தான். நல்ல பையன், எழுத்துக் கண்ணில் பட்டால் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம்.

"அத்தை, மாமாவைப் பத்திப் போட்டிருக்காங்க, கேளுங்க" என்று உற்சாகமாக ஆரம்பித்தான். "'அடுக்கு என்று அழைக்கப்பட்ட ஊழியர் ஒரு நாள் தட்டுகளைத் தவறவிட்டார். தண்டனையாக, விருந்தினர் முன்னிலையில் மண்டியிட்டு, வெறுங்கையால்…'"

குரல் தேய்ந்து நின்றது. மீதியை அவன் கண் மட்டும் படித்தது. பிறகு கழுத்துச் சிவந்து, மனைவியைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனான்.

மகள் முன்னால் போய் நின்று படித்தாள். மெதுவாக, எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி. நாய் மாதிரி என்று சோடாக்கா சொன்னதும் இருந்தது, மேற்கோள் போட்டு. கடைசி வரி கொஞ்சம் பெரிய எழுத்தில்: 'இன்று அவரே உங்களை வாசலில் வரவேற்கிறார்.'

"அம்மா, மிஷின்னுதானே அப்பா சொன்னாரு?"

சோடாக்கா தரையைப் பார்த்தாள்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேனேம்மா. மாமியார்கிட்ட, நாத்தனார்கிட்ட… இதை யாரு இவங்ககிட்டச் சொன்னா? அப்பாவா?"

"நான்."

மகள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சோடாக்கா வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள். பேசாமல் வாங்கிக்கொண்டாள். நேரே பேரனிடம் போனாள். அவன் யாரோ நாலு பேருக்கு நடுவே கோப்பையும் கையுமாக நின்றிருந்தான்.

"தம்பி, அதை எடு."

"எதைக்கா?"

"சுவத்துல இருக்கறதை. இப்பவே எடு."

"ஏங்க்கா?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "தப்பா எதுவும் வந்திருச்சா? நீங்க சொன்னதுதானே? ஒரு வார்த்தை மாத்தலையே."

ஒரு வார்த்தைகூட மாற்றவில்லைதான். அவனைச் சுற்றி நின்ற நாலு பேரும் அவளை அன்பாகப் பார்த்தார்கள். "இவங்கதான் அந்தச் சோடாக்கா" என்று பேரன் அறிமுகம் செய்தான். ஒருத்தி இவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பி, தட்டின் அடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றாள். அந்த முகத்தில் துப்பலாம் என்று வந்தது. துப்பினால் அதற்கும் ஒரு விளக்குப் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

கையை உருவிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவேண்டும். கோட்டைக் கழற்றி இவர்கள் மூஞ்சியில் வீசிவிட்டு. நாற்காலியிலேயே கிடக்கட்டும், சோறு போட அவள் இருக்கிறாள்.

வாசலில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த ஒரு தம்பதி அடுக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் அவன் முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்து, கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உள்ளே போட்டிருக்கே, மண்டி போட்டுப் பொறுக்கினவரு… நீங்கதானே அது?"

அடுக்கு நிமிர்ந்து நின்றான். கையை முன்னால் கொண்டுவந்து, நல்ல கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டான்.

"இல்லீங்க."

"நீங்கதான்னு எழுதியிருக்கே?"

"தப்பா எழுதியிருக்காங்க. அவன் செத்துட்டாங்க. ரொம்ப வருஷமாச்சு. நான் வேற ஆளு."

"அடடா" என்றார் அந்த அம்மாளின் கணவர். "எப்படிச் செத்தாரு?"

"அன்னிக்கே" என்றான் அடுக்கு. "சில்லைப் பொறுக்கச் சொன்னாங்கல்ல, முடியாதுன்னுட்டான். மானஸ்தன். வேலையை விட்டுட்டு அப்படியே போனவன்தான்."

அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். கூடத்துக்குள்ளிருந்து மகள் வந்து கதவோரம் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. சோடாக்கா ஓர் எட்டு வைத்து, "யோவ், வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி அவனே கேட்டதில்லை.

அடுக்கு அவளைப் பார்த்தான், முன்பின் பார்த்திராத ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றான். "வாசல்ல ஆளுங்க வர்றாங்க."